குழந்தையின் முதல் இசை வகுப்பு: பாட்டா, விளையாட்டா, வாத்தியமா?

"ஐந்து வயது ஆகிறது, பாட்டில் சேர்க்கலாமா, கீபோர்டு வாங்கித் தரலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா?" என்று கேட்டு வரும் பெற்றோரிடம், இசையால் பிள்ளைக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று நான் முதலில் கேட்டுவிடுவேன். பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் நிற்க வேண்டும், கொஞ்சம் கற்பனையும் வளர வேண்டும்.

நியாயமான ஆசை. ஆனால் இந்த இரண்டும் ஒரே வகுப்பில் தானாக வந்து சேர்வதில்லை. தன்னம்பிக்கையை நன்றாக வளர்க்கிற சில முறைகளில் குழந்தை சொந்தமாக எதையும் செய்து பார்க்க இடமே இருக்காது. கற்பனைக்கு நிறைய இடம் தருகிற வகுப்புகளிலோ, ஒரு வருடம் ஆகியும் முழுசாக ஒரு பாட்டு வரவில்லையே என்று வீட்டில் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் எந்த முறையைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடைபோடுகிறேன். அடுத்த ஸ்வரம் என்ன என்பதை வகுப்பில் எப்போதாவது குழந்தை முடிவு செய்கிறதா? குழந்தை ஒரு சின்ன விஷயத்தை முழுசாகச் செய்து முடித்து, அதை யாராவது காது கொடுத்துக் கேட்கிறார்களா? முதல் கேள்வி கற்பனைக்கு, இரண்டாவது தன்னம்பிக்கைக்கு.

"இசை கற்றால் மூளை வளரும்" என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. க்ளென் ஷெல்லன்பெர்க் என்ற உளவியலாளர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, இன்னொன்றுக்குப் பாட்டு, மூன்றாவதற்கு நாடகம், நான்காவதற்கு அந்த வருடம் எதுவும் இல்லை. இசை கற்றவர்களின் ஐ.க்யூ. மற்றவர்களைவிடச் சற்றே கூடுதலாக உயர்ந்தது. ஆனால் பிறரோடு பழகுவதில் முன்னேறியது நாடகக் குழுதான், இசைக் குழுக்கள் இல்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பாடம் நடந்தால் மட்டும் கூச்சம் போய்விடாது, சேர்ந்து செய்யும்போதுதான் அது கரைகிறது. 2010-இல் கிர்ஷ்னர், டொமசெல்லோ இருவரும் நான்கு வயதுக் குழந்தைகளிடம் செய்த சோதனையும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரே விளையாட்டைப் பாட்டும் தாளமுமாகச் சேர்ந்து ஆடிய குழந்தைகள், இசை இல்லாமல் ஆடியவர்களைவிட அப்புறம் ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள்.

பாட்டிலிருந்து தொடங்குவது

பாட்டுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. குரல் குழந்தையிடமே இருக்கிறது, போகிற இடமெல்லாம் கூடவே வரும். வாத்தியத்துக்கு முன்னால் பாட்டு என்று பிடிவாதமாகச் சொன்னவர் ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் (1882–1967). தாய்மொழிப் பாட்டுகளில் தொடங்கி, இரண்டே இரண்டு ஸ்வரங்களில் குழந்தையைப் பாட வைப்பது அவர் வழியில் வந்தவர்களின் பழக்கம். நம் கணக்கில் அவை ப, க. ஒரு குழந்தை இன்னொன்றைத் தூரத்திலிருந்து இழுத்துக் கூப்பிடும்போது தானாக வருகிற இறக்கம் அது. அது நன்றாகப் பதிந்த பிறகு த சேரும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை முத்திரை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் கர்வென் பரப்பிய முத்திரைகளைத்தான் இந்த முறை எடுத்துக்கொண்டது. ஸ்வரம் ஏறினால் கையும் ஏறும், இறங்கினால் இறங்கும். மேலே, கீழே என்றால் என்னவென்று காதுக்குப் பிடிபடாத குழந்தைக்குக் கண்ணும் கையும் உதவிக்கு வருகின்றன. இதில் 'டோ' (நம் ச மாதிரி, மேற்கத்திய வரிசையின் முதல் ஸ்வரம்) ஒரே இடத்தில் நிற்காது, பாட்டுக்குத் தகுந்தபடி நகரும். சுருதிக்குத் தகுந்தபடி சட்ஜம், அதாவது ச, மாறுவது பழகிய நமக்கு இது புதிதே இல்லை.

கர்நாடக இசையின் ஆரம்பப் பாடங்களும் பாட்டிலிருந்து தொடங்கும் இதே வகைதான். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசை என்ற முதல் ஸ்வரப் பயிற்சி, மாயாமாளவகௌளை ராகம், மூன்று காலங்கள், அதாவது மூன்று வேகங்கள். தன்னம்பிக்கைக்கு இந்த மூன்று காலம் மிக நல்ல ஏற்பாடு. போன மாதம் இரண்டாம் காலத்திலேயே தடுமாறிய வரிசையை இந்த மாதம் மூன்றாம் காலத்தில் பாட முடிகிறது என்பது குழந்தைக்கே தெரியும், யாரும் வந்து பாராட்ட வேண்டியதில்லை. குறை எங்கே என்றால், சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று போகிற பாதையில் சொந்தமாகப் பாடும் வாய்ப்பு வெகு தூரத்தில் இருக்கிறது. மனோதர்மம்தான், அதாவது சொந்தக் கற்பனையில் அப்போதே பாடுவதுதான், இந்த இசையின் உயிர் என்போம். ஆனால் அந்த உயிரை ஐந்து வயதுக்காரர் தொட்டுப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கத்தான் வேண்டுமா? சரளி வரிசையிலேயே இதற்கு இடம் உண்டு. ஆசிரியர் 'ச ரி க ம' என்று நான்கு அட்சரம் பாடி நிறுத்துகிறார். மீதி நான்கையும் குழந்தை தன் இஷ்டப்படி நிரப்ப வேண்டும், கடைசியில் ச வந்து சேர்ந்தால் போதும். முதல் நாள் 'ம ம ம ச' என்று வரும். வரட்டும், தாளம் தப்பவில்லையே. கொஞ்ச நாளில் 'ம க ரி ச' வரும். ஒரு நாள் 'ப ம ரி ச' என்று எதிர்பாராத ஒரு தாவல் வரும், பாடிய குழந்தையே நின்று ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். மேடையில் ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடுகிற கல்பனாஸ்வரத்தின் விதை அதுதான். பாடத்திட்டத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் எந்தப் பாட்டு ஆசிரியரும் வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் இதைச் செய்யலாம். செய்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

பாட்டு வகுப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று சுருதி. சின்னக் குழந்தைகளுக்குச் சிரமமில்லாமல் வரும் ஸ்வரங்கள் கொஞ்சம்தான், அதுவும் பெரியவர்களின் குரலைவிட மேலே. ஆசிரியர் தன் குரலுக்கு வசதியான சுருதியை வைத்துக்கொண்டு கூடப் பாடச் சொன்னால், குழந்தை தொண்டையை அமுக்கி உறுமும், இல்லையென்றால் வாயை மட்டும் அசைக்கும். அப்புறம் அதற்கு 'சுருதி சேரவில்லை' என்று பெயர் வந்துவிடும். "எனக்குப் பாட வராது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்களில் பலருக்கு அந்த எண்ணம் இப்படிப்பட்ட ஒரு வகுப்பில்தான் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு வகுப்புகள்

ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் (1895–1982), சுவிட்சர்லாந்தின் எமில் ஜாக்-டால்க்ரோஸ் (1865–1950) ஆகிய இருவரின் வழியில் வந்த வகுப்புகளை வெளியிலிருந்து பார்த்தால், இதற்கா பணம் கட்டினோம் என்று தோன்றும். பிள்ளைகள் நடப்பார்கள், தட்டுவார்கள், குதிப்பார்கள். நான்கு முதல் ஆறு வயதுவரை நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

டால்க்ரோஸ் ஜெனீவாவின் இசைப் பள்ளியில் பாடம் எடுத்தவர். அவருடைய மாணவர்கள் ஏட்டில் எழுதியதைத் துல்லியமாக வாசித்தார்கள், ஆனால் லயம் அவர்கள் உடம்பில் இல்லை. அதனால் நடக்க வைத்துப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். ஆசிரியர் பியானோ வாசிக்க வாசிக்கக் குழந்தைகள் நடக்கிறார்கள். வேகம் கூடினால் ஓட்டம், இசை நின்றால் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது. முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைப்பது அபூர்வம் என்பதுதான் சிக்கல்.

ஓர்ஃப் 1924-இல் டோரொத்தே குந்தருடன் சேர்ந்து மியூனிக்கில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இசையும் நடனமும் அங்கே ஒன்றாகவே நடந்தன. குழந்தைகளுக்கான அவருடைய முறை குனில்ட் கீட்மனின் துணையோடு பிறகு உருவானது, 1948-இல் வானொலி வழியாகப் பரவியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. குழந்தைகள் வாசிக்கிற சைலஃபோனில், அதாவது கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியத்தில், ஒவ்வொரு கட்டையையும் கழற்றி எடுக்கலாம். ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த. நம் மோகன ராகம். இந்த ஐந்தில் எதை எதோடு சேர்த்துத் தட்டினாலும் காதை உறுத்துகிற சேர்க்கை வராது. ஒரு குழந்தை ச-ப என்று விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும், இன்னொன்று தாளம் போடும், மூன்றாவது தனக்குத் தோன்றிய மெட்டைத் தேடும். தப்பு நடக்கவே வழியில்லாத இடத்தில் குழந்தையின் கை எவ்வளவு தைரியமாக ஓடுகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு வகுப்பில் வாரக்கணக்கில் அம்மா மடியை விட்டு இறங்காத ஒரு பெண் குழந்தையைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மெல்ல வந்து இரண்டு கட்டைகளைத் தட்டினாள், க, ப, மறுபடி க. ஆசிரியை கைதட்டவில்லை, "சூப்பர்" சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளைப் பார்த்து, "இப்ப எல்லாரும் இதை வாசிக்கலாமா?" என்றார். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து க-ப-க என்று வாசித்தார்கள். அவள் இன்னொன்று தட்டினாள், அதையும் வாசித்தார்கள். தான் சொன்னதை ஒரு கூட்டமே திருப்பிச் சொல்கிறது என்பதைவிடப் பெரிய பாராட்டு கூச்சமுள்ள குழந்தைக்குக் கிடையாது. மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் பதில் தருகிற முறை இது.

குறைகளும் இருக்கின்றன. வீட்டில் வந்து வாசித்துக் காட்ட ஒன்றும் இருக்காது. நல்ல ஆசிரியர் இல்லையென்றால் வகுப்பு வெறும் சத்தக்காடாக முடியும். இந்த முறையின் பெயரைப் பலகையில் போட்டுக்கொண்டு, ரெக்கார்டு பாட்டுக்கு எல்லாரையும் ஒரே மாதிரி கையசைக்க வைக்கிற இடங்களும் உண்டு. ஒரு குழந்தை செய்து காட்டியதை எடுத்து வகுப்பு தொடர்கிறதா, இல்லையா? அதைக் கவனித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வாத்தியம்

வாத்தியத்தைப் பொறுத்தவரை சின்னக் குழந்தைகளுக்கென்றே யோசித்து உருவான முறை ஜப்பானின் ஷினிச்சி சுசுகியுடையது (1898–1998). எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியைச் சிரமமில்லாமல் பேசிவிடுகிறார்களே, இசையையும் அப்படியே கற்றுத் தரலாமே என்பதுதான் அவர் யோசனை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மட்சுமோட்டோவில் இதை வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். பேச்சு கேட்டு வருகிற மாதிரி, வாசிக்கப் போகிற பாட்டைத் தினமும் கேட்க வேண்டும். குறியீடு படிப்பது அப்புறம்தான். கையளவுக்கு ஏற்ற சின்ன வயலின். பெற்றோரில் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, வீட்டில் கூட இருந்து பழக்க வேண்டும். முக்கியமாக, கற்ற பாட்டை விட்டுவிட்டுப் போவது கிடையாது. பழையதைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பார்கள்.

தன்னம்பிக்கைக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. எந்த நேரத்தில் "ஒன்று வாசி" என்று கேட்டாலும் குழந்தை கைவசம் நாலைந்து பாட்டு தயாராக இருக்கும், அதுவும் தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கும் அளவுக்கு. ஆனால் முதல் கேள்விக்கு இங்கே பதில் பலவீனமானது. எல்லாரும் அதே பாட்டுகளை அதே வரிசையில் வாசிக்கிறார்கள், அடுத்த ஸ்வரம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. தினமும் கூட உட்கார உங்களுக்கு நேரமில்லை என்றால் இதில் சேர்க்காதீர்கள். பெற்றோர் இல்லாமல் இந்த முறை ஓடாது.

சரி, எந்த வாத்தியம்? கீபோர்டில் தொட்டவுடன் சரியான ஸ்வரம் வருகிறது, ஐந்து வயதுக் கைக்கு அது பெரிய ஊக்கம். வாங்கியதும் தானியங்கிப் பக்கவாத்தியப் பட்டனை மட்டும் மறந்துவிடச் சொல்லுங்கள். ஒரு விரலுக்கு ஒரு கூட்டமே வாசித்தால், குழந்தைக்குத் தன் சத்தம் எது என்றே தெரியாமல் போய்விடும். வயலினில் ஸ்வர இடத்தைக் காட்ட எந்தக் கட்டும் இல்லை. இனிமையாக ஒலிக்க மாதங்கள் ஆகும், சட்டென்று மனம் உடைகிற பிள்ளைக்கு அது கடினம். கம்பித் தந்தி போட்ட கிதார் சின்ன விரலை வலிக்க வைக்கும், நான்கு நைலான் தந்தி உள்ள யுகுலேலே தேவலை.

மிருதங்கமோ தபலாவோ கற்றுத் தருபவர்கள் அருகில் இருந்தால், வாத்தியம் வாங்கும் முன் சொற்கட்டு, அதாவது தாளத்தை வாயால் சொல்லும் சொற்களை, சொல்லித் தரக் கேளுங்கள். தக இரண்டு, தகிட மூன்று, தகதிமி நான்கு. இந்த மூன்றை வைத்து எட்டு எண்ணிக்கையை நிரப்பச் சொன்னால் ஒரு குழந்தை 'தகதிமி தகதிமி' என்று முடிக்கும். வேறு மாதிரி வருமா என்று கேட்டால் 'தகிட தகிட தக' வரும். அப்புறம் 'தக தகிட தகிட', 'தகிட தக தகிட'. எட்டு ஒன்றுதான், போகிற வழி பல என்பதை ஆறு வயதில் தானாகக் கண்டுபிடிப்பது சாதாரண விஷயமில்லை. குரல் சரியாக வராத, பாடக் கூச்சப்படுகிற பிள்ளைகள் இதில் சட்டென்று திறந்துகொள்கிறார்கள்.

பலன் வருவதற்கு ஆகும் காலத்தையும் யோசிக்க வேண்டும். பியானோ கற்ற பள்ளிப் பிள்ளைகளை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்த யூஜினியா கோஸ்டா-ஜியோமி, அவர்களுடைய சுயமதிப்பு உயர்ந்திருந்ததை 2004-இல் பதிவு செய்தார். மூன்று மாதத்தில் மாற்றம் தேடுபவர்கள் அந்த மூன்று வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்வரத்தை அடையாளம் காணும் பயிற்சிக்குச் சில நன்றாகவே இருக்கின்றன. சரி, தப்பு என்று அவை சொல்லும், குழந்தை வாசித்ததைக் கேட்டு ரசிக்க அங்கே யாரும் இல்லை. இணைய வழி நேரடி வகுப்பில் ஒலி தாமதமாக வருவதால் ஆசிரியரும் குழந்தையும் சேர்ந்து பாடவோ தாளம் போடவோ முடியாது. எட்டு வயதுக்கு மேல் சமாளிக்கலாம். நான்கு வயதில் சேர்ந்து பாடுவதுதான் பாடமே.

நான்கு வயதுக்குள் என்றால் வகுப்பே அவசியமில்லை. குளிக்கும்போதும் நடக்கும்போதும் நீங்கள் பாடுங்கள், உங்கள் குரல் எப்படி இருந்தாலும். பாட்டின் கடைசி வார்த்தையைப் பாடாமல் நிறுத்தி, குழந்தை முடிக்கட்டும் என்று காத்திருங்கள்.

உங்கள் குழந்தைக்கு எது?

கூச்சமுள்ள குழந்தைக்குத் தனி வகுப்புதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறேழு பேர் உள்ள சின்னக் குழு நல்லது, கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டே பாட ஆரம்பிக்கலாம். தனி வகுப்பில் ஒளிய இடமில்லை, ஆசிரியரின் கண் முழு நேரமும் அந்தப் பிள்ளை மேலேயே இருக்கும். ஒரு தப்பு வந்தால் அழுதுவிடுகிற, எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு ஐந்து ஸ்வர சைலஃபோன் மாதிரி தப்பே நடக்காத இடத்தில் தொடக்கம் அமையட்டும். வயலின் அப்புறம். ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு நடை, தாளம், சொற்கட்டு. ஏற்கெனவே தானாகப் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மட்டும் எதிர்ப்பக்கம் சிந்திப்பேன். அதற்குக் கற்பனை இருக்கிறது, ஒன்றை எடுத்து முடிக்கிற பழக்கம்தான் வேண்டும். பாட்டோ வாத்தியமோ, வரிசையாகச் சொல்லித் தரும் ஆசிரியரிடம் அனுப்புங்கள்.

ஏழு வயதுக்கு மேல், குழந்தையே ஒரு வாத்தியத்தைக் காட்டி அது வேண்டும் என்று கேட்டால் என் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு அதையே கொடுங்கள். கிரேடு தேர்வுகளை எட்டு வயதுக்கு முன் தொட வேண்டாம். தேர்வுக்கான மூன்று பாட்டை வருடம் முழுக்க அரைத்துக்கொண்டிருக்கும் வகுப்பில் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்காது. மேடையையும் அவசரமாகக் கொண்டுவர வேண்டாம். முதலில் பொம்மைக்கு வாசிக்கட்டும், பிறகு தாத்தாவுக்கு, பிறகு இரண்டு நண்பர்களுக்கு. கேட்பவர்கள் அந்த நேரத்தில் போனைக் கீழே வைக்க வேண்டும்.

உங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வகுப்புதான் இருக்கிறது, அதுவும் மனப்பாட வகுப்பு என்றால் சேர்த்துவிடுங்கள், மீதியை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் பத்து நிமிடப் பயிற்சி ஐந்து வயதுக்குத் தாராளம். அதில் கடைசி மூன்று நிமிடம் குழந்தையுடையது, பாடத்தில் இல்லாத எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம், நீங்கள் திருத்தக் கூடாது.

சேர்க்கும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை தப்பாகப் பாடும்போது ஆசிரியர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு ஸ்வரத்திலும் நிறுத்தித் திருத்துகிறாரா, வரியை முடிக்க விட்டு அப்புறம் ஒரு இடத்தை மட்டும் எடுத்துப் பேசுகிறாரா? இரண்டாமவரிடம் சேருங்கள், அவர் எந்த முறையில் சொல்லித் தந்தாலும் சரி. நன்றாகச் செய்யும் பிள்ளையை மட்டும் முன்னால் நிறுத்துகிறாரா என்பதையும் பாருங்கள்.

சேர்த்த பிறகு மூன்று நான்கு மாதம் கொடுங்கள். குழந்தை வீட்டில் தனியாக இருக்கும்போது வகுப்பில் கேட்டதை முணுமுணுக்கிறது, வார்த்தையை மாற்றிப் பாடிப் பார்க்கிறது என்றால் வகுப்பு சரியாகப் போகிறது. வகுப்பு நாளில் மட்டும் வயிற்று வலி வந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள். பேசியும் மாறவில்லை என்றால் வேறு வகுப்பு பாருங்கள். மாற்றும்போது, "இந்த ஆசிரியர் சொல்லித் தரும் விதம் உனக்குப் பொருந்தவில்லை, வேறு ஒருவரிடம் போகலாம்" என்று குழந்தையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நிறுத்தினால், தனக்கு வராததால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும்.